கேட்காத வாழ்த்து

“அனுப்ப மாட்டனுங்க,” என்றாள் இந்துமதி.

முதலாளி தரணீதரன் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். கீழே தையல் ஹாலில் மெஷின்கள் ஓடும் அதிர்வு மேஜைவரை ஏறிவந்தது. குழந்தைத் துணிகள் பெட்டி பெட்டியாகத் தேங்கிக் கிடந்தன. அவர் அவசரம் அவருக்கு.

திரையில் மெயில் தயாராக இருந்தது. ‘உங்கள் செல்லத்துக்கு முதல் பிறந்தநாள் வருகிறது!’ பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு பாபா சூட்.

போன வருடம், பிரசவத்துக்கு முன்பே ஆன்லைனில் துணி வாங்கிவைத்த அத்தனை பேருக்கும் அது போக வேண்டும் என்பது உத்தரவு. விளம்பரம் அனுப்பலாம் என்று சம்மதம் சொன்னவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்கு இந்துமதி காலையிலேயே அனுப்பிவிட்டாள்.

மற்றவர்களுக்காகத்தான் இந்த மல்லுக்கட்டு.

“மெயில் ஐடி குடுத்ததே அவங்கதானுங்களே?”

“பில்லுக்குக் குடுத்தாங்க. இதுக்கு நாம கேக்கவே இல்லீங்க.”

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவள் முதலாளியிடம் இப்படிப் பேசுவதைக் கேட்டு, எதிர் மேஜையில் கணக்குப் பார்க்கும் தனபால் தலையைக் குனிந்துகொண்டார்.

“வேண்டாம்னா அழிச்சுட்டுப் போறாங்க. இதுல யாருக்கு என்னங்க நோவு?” தரணீதரன் எட்டி மவுஸைப் பிடித்தார். “நீங்க எந்திரிங்க, நானே அனுப்பிக்கறேன்.”

அவள் எழுந்திருக்கவில்லை.

கைப்பேசியை எடுத்தாள். வேறொரு கடையிலிருந்து அன்று அவளுக்கு வந்திருந்த மெயிலைத் திறந்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். வேண்டாம், அனுப்பாதீர்கள் என்று எழுதிப் போட்டும் மாதம் தவறாமல் வருவது.

‘உங்கள் செல்லம் இந்நேரம் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருக்குமே!’

தரணீதரனின் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா, எல்லாருந்தான் அனுப்பறாங்க. அட, உங்க ஊட்ல சின்னக் குழந்தை இருக்குதுங்களா? சொல்லவே இல்லீங்களே! பையனா, பொண்ணா?”

கைப்பேசியை அவள் கீழே இறக்கவில்லை.

“பொண்ணுங்க,” என்றாள். “ஒரு நாள்கூட இருக்கலீங்க.”

தரணீதரனின் கை மவுஸை விட்டு விலகியது.

இந்துமதி எழுந்து நாற்காலியை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

“இப்ப அனுப்பிக்குங்க.”