காரைத் தாங்கப் போன செங்கல்

வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் ஒன்று வாசலில் கிடந்தது. ஆயில் மாற்ற இறங்கிய இன்பசேகரன், ஜாக்கியால் காரின் முன்பக்கத்தைத் தூக்கி, அடியில் அந்தச் செங்கல்லை நிறுத்திவைத்தார்.

செங்கல்லுக்குத் தலைகால் புரியவில்லை. “மாடி வீட்டையே தாங்குற பரம்பரைடா நான்! நீ இறங்கிக்கோ” என்றது.

“சுவர்ல உங்ககூட எத்தனை பேர் நிக்கிறாங்க, தலைவரே?” என்றது ஜாக்கி. “எனக்குத் தூக்கத்தான் வரும், நின்னு தாங்க வராது. அந்த மனுஷன் அடியில தலையை விடப்போறார். இரும்பு ஸ்டாண்டுங்க வரட்டும்.”

“என் மேடையில இன்னொருத்தனா? போடா!”

இன்பசேகரன் பாய் விரித்து, தலையணையையும் உள்ளே தள்ளிவிட்டு, ஜாக்கியை இறக்கினார். பாரம் ஏறியதுமே செங்கல் படக்கென்று இரண்டாகப் பிளந்தது. கார் தொப்பென்று விழுந்து தலையணையை நசுக்கியது.

இன்பசேகரன் பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் வாங்கிவந்தார். கார் உருளாமலிருக்க, உடைந்த பாதிகளைப் பின்சக்கரத்துக்கு ஒன்றாக முட்டுக்கொடுத்தார்.

மறுபடி காரைத் தூக்கிக்கொண்டே ஜாக்கி குரல் கொடுத்தது: “எப்படி இருக்கீங்க, தலைவரே?”

இரண்டு சக்கரங்களுக்கும் பின்னாலிருந்து ஒரே நேரத்தில் பதில் வந்தது:

“இருக்கோம்.”