ஒன்பதாவது பாறை

"முப்பத்தொன்பது பேர் எழுதியிருக்காங்க. உனக்கு மட்டும் பாறை கண்ணுல படலையா?"

நிலவியல் பேராசிரியர் நோட்டை மேசைமேல் வீசினார்.

களப்பயணம் வந்த மாணவர்கள் தங்கியிருந்த விடுதியின் கூடம் அது. பகலில் பத்து இடங்களுக்கு நடந்துபோய், அங்கங்கே பாறை எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். சாயங்காலம் அவர் திருத்துவார். ஒரு இடம் விட்டுப்போனாலும் ஃபெயில்.

எதிரே நின்றவனுக்கு வகுப்பில் 'ஆமை' என்று பெயர். எங்கே போனாலும் கடைசியாகத்தான் வந்து சேருவான். அவன் நோட்டில் ஒன்பதாவது இடம் காலி.

"அங்க பாறையே இல்ல சார்."

"ஏன், நீ வர்றேன்னு தெரிஞ்சதும் எழுந்து நடந்து போயிடுச்சா?"

கூடமே சிரித்தது.

"போன வருஷமும் இதே இடத்தைத்தான் காலியா விட்டே. ஃபெயில் போட்டேன். இந்தத் தடவையும் போச்சுன்னா உனக்குப் பட்டமே கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும் சார். இல்லாததை எப்படி சார் அளக்கிறது?"

வகுப்பில் முதலாவதாக வரும் பெண் கையைத் தூக்கினாள். "நான் ரெண்டு தடவை அளந்தேன் சார். முப்பத்திரண்டு டிகிரி."

"கேட்டுக்கோ! கிளம்பு, வண்டியில ஏறு. நேர்லயே காட்டுறேன்."

"இருட்டப் போகுதே சார், உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?" என்றாள் அவள், அவசரமாக.

பாறை இருக்க வேண்டிய இடத்தில் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அங்கே லாரிகளுக்குக் காவல் இருந்தவர் தலையைச் சொறிந்தார்.

"பாறையா? வெடி வச்சு எடுத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சே! சல்லியாக்கி ரோட்டுக்குப் போட்டுட்டாங்க. நீங்க வந்ததே அது மேலதான் சார்."

பேராசிரியருக்கு முகம் விழுந்துவிட்டது.

"இதைப் போன வருஷமே ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னேன் சார். வாயை மூடுன்னீங்க."

இரண்டு பேரும் விடுதிக்குத் திரும்பினார்கள்.

கூடத்துக்குள் நுழைந்ததும் அவர் சொன்னார்: "அந்த இடத்துக்குப் போகாமலே, சீனியருங்களோட பழைய நோட்டைப் பார்த்து முப்பத்திரண்டு எழுதினவங்க எல்லாரும் எழுந்து நில்லுங்க."

ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் முப்பத்தொன்பது பேரும் தலை குனிந்து நின்றார்கள். முதலாவதாக வருகிறவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நீ பாஸ்ப்பா, உட்காரு" என்றார் ஆமையிடம். "போன வருஷத்துக்கு என்னை மன்னிச்சுடு."

அவன் உட்கார்ந்தான். ஐந்து நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் பேராசிரியர் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். அவனுக்கு என்னவோ போலிருந்தது.

"சார், நீங்களாவது உட்காருங்க சார்."

"எப்படிப்பா உட்கார்றது? என் நோட்டுலயும் இன்னைக்குத் தேதி போட்டு முப்பத்திரண்டுன்னுதான் எழுதி வச்சிருக்கேன்."