வளைவுச் சுவர்

1971, திருவாரூர்ப் பக்கம், உச்சி வெயில். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பண்ணையாட்கள் பெயரில் நிலத்தைப் பதுக்கிய மிராசுதார் இராஜாங்கம், புது வீட்டு முகப்பில் அரைவட்டச் சுவர் எழுப்புகிறார். கொத்தனார் மருதையன் நடுவில் முளை அடித்து, அதில் கட்டிய நூலைச் சுழற்றி, ஒவ்வொரு செங்கல்லையும் நூல் நுனிக்கு நேராகத் தட்டி வைக்கிறார். மிராசுதார் முளையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருகிறார். "கண்ணால பார்த்து வைடா. இதுக்கு எதுக்கு நூலு?" சித்தாள் அம்சம் நீட்டிய செங்கல் அப்படியே நிற்கிறது. மருதையன் கரண்டியில் ஒட்டிய சாந்தை உதறுகிறார். "நூல் இல்லாம நிலத்தைத்தாங்க வளைக்கலாம். சுவரை வளைக்க முடியாது." "வெளிய போடா!" மருதையன் நூலைச் சுருட்டிக்கொண்டு நடக்கிறார். அம்சம் செங்கல்லை மிராசுதாரின் காலடியில் போட்டுவிட்டு, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் மருதையன் பின்னால் போகிறாள். அரைச்சுவருக்குள் மிராசுதார் தனியாக உட்கார்ந்திருக்க, சட்டியில் சாந்து இறுகுகிறது.