தொண்டையில் ஒன்றுமில்லை

நாரின் என்ற மலைநகரத்துக்குப் பக்கத்துக் கிராம மருத்துவமனையில், நர்ஸ் பெர்மெத் டார்ச் அடித்து புதுமருமகள் ஒருத்தியின் வாய்க்குள் பார்த்தாள். பெயர் ஜிபெக்.

"வந்த நாள்லேருந்து ஒரு வார்த்தை பேசலை, கண்ணு," என்றாள் கூட வந்த மாமியார் ஷாயிர்கான். "கொதிக்கக் கொதிக்க ஆட்டு சூப் குடுத்துப் பாத்தேன். கழுத்துல கொழுப்பு தடவிப் பாத்தேன். ம்ஹூம்! இவ ஊமையா இல்லையான்னு எனக்கு இன்னிக்கே தெரிஞ்சாகணும்."

மூக்கில் அடைப்பில்லை. நாக்கில் புண்ணில்லை. டான்சில் வீங்கவில்லை. "ஆ சொல்லு" என்றதும் உள்நாக்கு ஒழுங்காக மேலே எழுந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. பெர்மெத் மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு. என்னடி நாடகம்?"

"மெதுவா பேசுங்கக்கா," என்று கிசுகிசுத்தாள் ஜிபெக். "காலேஜ் வாசல்ல என்னைக் கார்ல தூக்கிப் போட்டுக் கொண்டுவந்து, மணப்பெண்ணோட வெள்ளை முக்காட்டைத் தலையில போட்டு, கல்யாணம்னுட்டாங்க. ஊமைன்னு சொல்லிடுங்கக்கா. இவ வேண்டாம்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

பெர்மெத் டார்ச்சை அணைத்தாள். வெளியே வந்து முகத்தைத் தொங்கப்போட்டாள்.

"தொண்டை நரம்பு செத்துப்போச்சும்மா. இனிமே பேச்சே வராது."

ஷாயிர்கான் தங்கப்பல் தெரியச் சிரித்தாள்.

"அப்பாடா! என்னிக்காவது வாயைத் திறந்துடுவாளோன்னு எனக்குத் தூக்கமே இல்லை. இதுக்கு முன்னாடி கொண்டுவந்தவ கூச்சல் போட்டே ஊரைக் கூட்டித் தப்பிச்சுப் போயிட்டா. இந்தத் தடவைதான் என் பையன் நல்லாப் பாத்துத் தூக்கியிருக்கான்!"