அசையாத ஒரு நிமிஷம்

"உள்ளே இருக்கிற ஆள் ஒரு நிமிஷம் அசையாம இருந்தா மணி அடிக்கணும். உங்க கேமரா அதைச் செய்யுமா, செய்யாதா?"

முதலாளி கேட்ட கேள்வியில் இன்ஜினியரம்மாவின் பேனா அப்படியே நின்றுவிட்டது.

மீனையும் இறைச்சியையும் உறையவைத்துப் பாதுகாக்கும் கிடங்கு அது. எங்கெங்கே கேமரா, எத்தனை நாள் பதிவு, எதற்கெல்லாம் எச்சரிக்கை என்று திட்டம் போட்டுத் தர வந்திருந்தாள் அவள். காலையிலிருந்து அவளுடைய பட்டியலை முதலாளி ஈவிரக்கமில்லாமல் வெட்டிக்கொண்டிருந்தார். வண்டி நம்பரைப் படிக்கும் கேமரா வேண்டாம், அதை வாட்ச்மேன் படிப்பார். சரக்கு ஏற்றும் இடத்துக்குப் பழைய கேமராவே போதும். ஒரு மாதப் பதிவு எதற்கு, பத்து நாள் தாராளம்.

உறை அறைக்குள் மட்டும் இருப்பதிலேயே விலை கூடிய கேமரா. குளிரில் கண்ணாடி மங்காத ரகம். அதுவும் இரண்டு.

"அங்க திருட என்ன சார் இருக்கு? ஒவ்வொரு பெட்டியும் முப்பது கிலோ. இடுப்புல சொருகிட்டுப் போயிட முடியுமா?"

"திருட்டுக்கு இல்லம்மா. ஆள் அசையறானான்னு பார்க்கணும்."

அங்கே ஆள் என்றால் ஒரே ஒருவர்தான். கனத்த கோட்டும் காதை மூடிய குல்லாவுமாக நாள் முழுக்க உள்ளே போய் வருவதால், மற்றவர்கள் அவருக்குப் 'பனிக்கரடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பூஜ்ஜியத்துக்கும் பதினெட்டு டிகிரி கீழே, ஐம்பதைத் தாண்டிய மனிதர் ஒற்றை ஆளாகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மூச்சு வாங்கக்கூட மனுஷன் நிக்கக் கூடாதா சார்? பொதுவா பத்து நிமிஷம் வைப்பாங்க. மணியும் சூப்பர்வைசர் ரூம்லதான் அடிக்கும்."

"ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷம்தான். மணி என் மேசையில அடிக்கணும். என் போன்லயும் அடிக்கணும். நல்லா சத்தமா."

அந்த மேசை போன மாதம் வரை மாடியில் காற்றோட்டமான அறையில் இருந்ததாம். இப்போது கீழே, உறை அறைக் கதவுக்கு நேர் எதிரே கிடந்தது. ஒரு தொழிலாளியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க இவ்வளவு மெனக்கெடுவாரா ஒருவர் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மெஷினுக்குக்கூட ஓய்வு குடுப்பாங்க சார்" என்று முகத்துக்கு நேரே சொல்லியே விட்டாள்.

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். உறை அறைக் கதவை ஒருமுறை பார்த்தார். வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டார்.

"சொன்னதை எழுதுங்கம்மா" என்றபடி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவளுடைய சொந்த அண்ணன் ஒரு கம்பெனியில் இருந்தான். கழிப்பறைக்குப் போய் வந்த நிமிஷங்களைக்கூட அங்கே கேமரா எண்ணியது. மனம் நொந்து வேலையை விட்டவன், அப்புறம் ஒரு வருஷம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அந்த ஒரு வருஷமும் அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது.

திட்டத் தாளில் 'அசைவு இல்லையென்றால் எச்சரிக்கை' என்ற வரிக்கு வந்தாள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்ஜியம் சேர்த்தாள். பத்து நிமிஷம். தொழிலுக்கு அது துரோகம்தான். ஆனாலும் நல்ல காரியம் செய்த நிம்மதி இருந்தது.

திரும்பி வந்த முதலாளி தாளைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வெளியே, சுவரோரம் வெயிலில் நின்று பனிக்கரடி கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, உள்ளே கேமரா வரப்போகுது. நீங்க ஒரு நிமிஷம் அசையாம இருந்தாலே மணி அடிக்கணும்னு உங்க முதலாளி ஒத்தைக் கால்ல நிக்கறார். நான் அவருக்குத் தெரியாம பத்து நிமிஷமா மாத்திட்டேன். இனிமே தைரியமா உக்காந்து மூச்சு வாங்கிக்கங்க."

கையெடுத்துக் கும்பிடுவார் என்று நினைத்தாள். கையைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவர் அவளையே வெறித்துப் பார்த்தார்.

"வேணாம்மா. அதை ஒண்ணாவே வெச்சிடுங்க."

"பயப்படாதீங்கண்ணா, அவருக்குத் தெரியாது."

"பயம் அது இல்லம்மா." அவர் குரல் இறங்கியது. "எனக்குச் சர்க்கரை இருக்கு. சில நேரம் திடீர்னு இறங்கிடும். போன மாசம் உள்ளே மயங்கி விழுந்துட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னார்."

"வெளியே வேற வேலை கேட்கக் கூடாதா அண்ணா?"

"தரேன்னுதான் சொன்னாங்க. நான்தான் பிடிவாதமா மாட்டேன்னுட்டேன். சீக்காளின்னு தெரிஞ்சா நாலு பேர் பார்க்கிற பார்வையே மாறிடும்மா. எதுக்கு மாத்தறாங்கன்னு கேள்வி வரும். வெளியே சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

"யார்கிட்ட?"

அவர் முதலாளியின் மேசை இருந்த பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கு அவர் என்னை உயிரோட தூக்கிட்டு வந்தார்மா. பத்து நிமிஷம் கழிச்சு மணி அடிச்சா, பொணத்தைத்தான் தூக்கணும்."