மூச்சுத்துளை

"இன்னா மச்சான், மறுபடியும் சொட்டுது! பிரேக் பாக்க உங்கிட்ட வந்தேன் பாரு, அன்னிலேர்ந்து இந்தத் தொல்லை. இது நாலாவது தபா!"

பிக்கப் வண்டியிலிருந்து கஜபதி குதித்து இறங்கினான். உலகநாதன் குனிந்து பார்த்தான். பின் அச்சின் நடுவே, டிஃபரன்சியல் உருண்டையிலிருந்து எண்ணெய் சொட்டியது. கசிவைத் தடுக்கப் போன வாரம் அவனே போட்ட புது சீல்.

"மொதலாளி சொல்லிட்டாரு. இன்னிக்கு சொட்டறது நின்னா சரி. இல்லாங்காட்டி வண்டி பூந்தமல்லி ஷெட்டுக்குப் போயிடும்."

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் உலகநாதன் ஷெட் போட்டு ஆறு மாதம். வாடிக்கையாக வருவது இந்த ஒரு வண்டிதான். தனக்கு வேலை தெரியவில்லையோ என்ற சந்தேகத்தில் அம்பத்தூரில் மெக்கானிக் மாலை வகுப்பில் கூடச் சேர்ந்திருந்தான். ஒவ்வொரு வண்டிக்கும் நோட்டில் மூன்று கட்டம் போடுவான்: பழுது, காரணம், தீர்வு. இந்த வண்டிக்கு மட்டும் 'காரணம்' இன்னும் காலி.

ஷெட்டை ஒட்டித்தான் வீடு. இரண்டு கிளாஸ் டீயோடு தங்கை நாகவல்லி வந்தாள்.

"இன்னும் அதே வண்டியாண்ணா? தெனம் கத்திக் கத்திப் படிக்கிறியே, காது வலிச்சதுதான் மிச்சம்!"

"நீ உள்ள போ!"

இம்முறை அவன் அவசரப்படவில்லை. உருண்டையைத் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவினான். ஆவடி ஸ்டேஷன் வரை ஓட்டிவிட்டு வந்து பார்த்தார்கள். வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு. சீலின் வாயிலிருந்துதான் கசிவு.

"புது சீல் எப்பிடி மச்சான் கசியும்?"

"இரு, உள்ள எண்ணெய் எவ்ளோ கீதுன்னு பாப்போம்."

எண்ணெய் ஊற்றும் திருகைத் தளர்த்தினான்.

புஸ்ஸ்ஸ்!

உலகநாதன் துள்ளி எழுந்ததில் தலை வண்டியில் இடித்தது. வலியே தெரியவில்லை.

"காத்து மச்சான், காத்து! ஓடினா உள்ள சூடாவும். காத்து வெளிய போவ மேல ஒரு மூச்சுத்துளை கீது. அது அடைச்சிக்கினா, காத்து எண்ணெயைத் தள்ளிக்கினு சீல் வழியா வந்துடும். போன மாசம் பத்து தபா சத்தம் போட்டுப் படிச்சேன், எனக்குத்தான் ஏறல! தப்பு சீல் மேலயும் இல்ல, என் மேலயும் இல்ல!"

அடியில் நுழைந்து, மூச்சுத்துளையின் மூடியைக் கழற்றிக் கம்பியால் நோண்டினான். கன்னங்கரேலென்று ஒரு துணிச்சுருள் வந்தது.

"எவனோ வேணும்னே அடைச்சிக்கீறான்!"

"பூந்தமல்லிக்காரன் வேலைதான்!" கஜபதி சட்டைக் கையைச் சுருட்டினான். "எவன்னு மட்டும் தெரியட்டும், கைய ஒடைச்சிடறேன்!"

உலகநாதன் துணியை மண்ணெண்ணெயில் அலசினான். கறுப்பு கரைந்தது. பச்சை நிறம், பளபளவென்று.

கஜபதியின் குரல் சட்டென்று இறங்கியது. "உடு மச்சான்... ஏதோ குப்பை. தூக்கிப் போடு."

"தூக்கிப் போடறதா? ஆளைப் புடிக்காம உட மாட்டேன்!"

கிளாஸ்களை எடுக்க நாகவல்லி வந்தாள். "சரியாயிடுச்சாண்ணா?"

"சரியாயிடுச்சி! இனிமே மாசக்கணக்கா இந்த வண்டி இங்க வர வேலையே இல்ல!"

அவள் முகம் வாடியது. கிளாஸ்களை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். இரட்டைப் பின்னலில் பச்சை ரிப்பன். ஒரு பக்கம் மட்டும் அரை சாண் குறைந்திருந்தது.

உலகநாதன் கையிலிருந்த துணியைப் பார்த்தான். கஜபதியைப் பார்த்தான். அவன் ஏற்கெனவே பளிச்சென்றிருந்த பானட்டை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான்..." என்றான் கஜபதி, நிமிராமலே.

ஆவடியில் எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுகிற சொல்தான். அன்றுதான் அது உலகநாதன் காதில் உறவுமுறையாக விழுந்தது.

நோட்டைத் திறந்தான். காரணம்: 'மூச்சுத்துளை அடைப்பு.' அடுத்த கட்டத்தில், முதல் முறையாகச் சந்தேகமே இல்லாமல் எழுதினான்.

தீர்வு: 'தை மாதம், நல்ல முகூர்த்தம்.'