அமைதிச் செயலி

பெனிட்டா பல்லவியைத் தொடங்கியதுமே கணினி மறுபடியும் உறைந்தது. மாலைக்குள் பாட்டு போகாவிட்டால் இயக்குநர் வேறு குரலைத் தேடிவிடுவார்.

"பஃபர் செட்டிங்கக் கூட்டிட்டேன் டெரிக். அப்பவும் கம்ப்யூட்டர் லோடு தொண்ணூறு சதவீதத்துக்கு மேலயே நிக்குது," என்றாள் போனில்.

"ஒவ்வொரு பிளக்இன்னா ஆஃப் பண்ணிட்டே வாங்கக்கா. எத அணைச்சா லோடு இறங்குதோ, அதுதான் சிஸ்டத்தப் படுத்துது," என்றான் அவள் பாட்டுகளுக்கு மிக்ஸிங் செய்பவன்.

எக்கோ சேர்க்கும் செருகு நிரலை அணைத்தாள். இறங்கவில்லை. சுருதி திருத்தியை அணைத்தாள். ம்ஹூம். மிஞ்சியது அமைதிச் செயலி. வெளிச்சத்தம் எதையும் அறைக்குள் விடாமல் அழித்துவிடும். "வாசல்ல இடி விழுந்தாலும் கேக்காது மேடம்," என்று சொல்லித்தான் விற்றார்கள். சத்தம் கூடினால்தான் அதற்கு வேலை கூடும். வீட்டிலோ, அடுத்த அறைத் தூளியில் தூங்கும் மகனைத் தவிர யாருமில்லை.

பெனிட்டா அதையும் அணைத்தாள்.

லோடு சடாரென்று இறங்கியது. மகனின் அழுகை அறைக்குள் வந்தது.

"சரியாயிடுச்சாக்கா?"

அவள் ஓடிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் தொண்டை கம்மிப்போயிருந்தது. ஒரு குரல் அப்படிக் கம்ம எவ்வளவு நேரம் கத்த வேண்டும் என்று பாடுகிறவளுக்குத் தெரியும்.